நாங்கள் எந்தப் பக்கம்?

போன நவம்பரில் ஒரு பின்னேரம் எங்கள் மூத்தவள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், சட்டையில் குத்தியிருந்த சிவப்புப் பொப்பிப் பூவைக் கழற்றாமலே சாப்பாட்டு மேசையில் வந்து இருந்தாள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். குடும்பத்தில் எவராவது இரண்டாம் உலக யுத்தத்தைக் கண்டவர்களா என்று வீட்டில் கேட்டு எழுதிவரும்படி ரீச்சர் சொல்லியிருக்கிறார். பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“அப்பா, அம்மா, அந்தச் சண்டையில நாங்கள் எந்தப் பக்கம்?”

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. சண்டை என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரு சண்டைதான். அதைப்பற்றிக்கூட அவளுக்கு நாங்கள் இன்னும் முழுதாகச் சொன்னதில்லை. வேலைக்குப் போகிற நேரமும் வந்துவிட்டது. “நாளைக்குச் சொல்லுறம் பிள்ளை” என்றோம். ஒருவர் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு வேலைக்கு ஓட, மற்றவர் சின்னவனைக் குளிப்பாட்ட எழும்பினார்.

நாங்கள் ஓ.எல்லோடு படிப்பை விட்டவர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் கொட்டிலிலும் படித்த படிப்பு. இட்லர், சேர்ச்சில் என்று சில பெயர்களைச் சோதினைக்காகப் பாடமாக்கினோம். சோதினை முடிந்ததும் மறந்தோம். இந்தக் கனடா நாடு அந்த யுத்தத்தில் என்ன செய்தது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வந்த பிறகு கேட்கவும் நேரம் இருக்கவில்லை. கடைசியில் அதைக் கற்றுக்கொண்டது பக்ரறியில், இடைவேளை மேசையில்தான். எங்களைப் போல அண்மையில் வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறோம்.

தாலியும் மோதிரமும்

ஸ்காபரோவில் எக்ளிங்ரன் வீதிக்கு அண்மையில் உள்ள ஒரு பொதிசெய்யும் பக்ரறியில் எங்களில் பன்னிரண்டு தமிழர் வேலை செய்கிறோம். பெரும்பாலும் ஏஜென்சி மூலம் வந்தவர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் எங்களோடு ஒரு தங்கச்சி புதிதாகச் சேர்ந்தாள். கலியாணம் கட்டி எட்டு மாதம். முதல் நாளே சுப்பவைசர் அவளுடைய தாலிக்கொடியைக் காட்டி, இதோடு லைனுக்குள் வரமுடியாது, கழற்று அல்லது வீட்டுக்குப் போ என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டான். மெசினில் சங்கிலி மாட்டினால் கழுத்துக்கு ஆபத்து என்பது உண்மைதான். சட்டத்தில் பிழையில்லை. சொன்ன விதம்தான் பொறுக்க முடியாமல் இருந்தது. அவள் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதாள். எங்களுக்கு ஆங்கிலமும் போதாது, வேலையையும் விடமுடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

அப்போது எங்கள் லைன் லீடர் வந்தார். அறுபது வயது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. அந்தப் பிள்ளையின் தோளில் கை வைத்து, “என்னுடைய அம்மாவும் முதல் நாள் இப்படித்தான் அழுதவராம்” என்று தொடங்கினார்.

அவருடைய தாய்க்கு அப்போது இருபது வயது. கலியாணம் முடித்த கையோடு கணவனைப் படையில் சேர்த்துக் கடல் கடந்து அனுப்பிவிட்டார்கள். தாய், குண்டுக்கு மருந்து நிரப்புகிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். உள்ளே போகும்போது போட்டிருக்கிற உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் தருகிற வெள்ளை உடுப்பையும் சப்பாத்தையும் போடவேண்டும். தலையில் ஊசி இருக்கக்கூடாது. நெருப்புப்பெட்டி, சிகரெட் கொண்டுபோகவே கூடாது. உலோகம் உரசி ஒரு பொறி பறந்தாலும் போதும், மேசையோடு போய்விடும். கலியாண மோதிரம் விரலில் இறுகிக் கழராமல் இருந்ததால் அதன்மேல் ரேப் சுற்றிவிட்டார்களாம். யுத்தம் முடியும்வரை அந்த மோதிரத்தை அவர் ரேப்புக்கு மேலால்தான் தடவிப் பார்த்தார் என்று லைன் லீடர் சொன்னார்.

அந்தத் தங்கச்சி தாலிக்கொடியைக் கழற்றி, கடதாசியில் சுற்றி, ஒரு குளிசைப் போத்தலுக்குள் போட்டு லொக்கரில் வைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான். விடிய வேலை முடிந்ததும் கோட்டுப் போடுவதற்கு முன் தாலியைப் போடுவாள். நாங்கள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பஸ் மாறுகிற இடம்

அடுத்த இடைவேளையில் நாங்கள் கேட்டோம்: அந்தக் குண்டுத் தொழிற்சாலை எங்கே இருந்தது? அவர் சிரித்துக்கொண்டு, நீங்கள் தினமும் பஸ் மாறுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போகத் தொடங்கினோம். அவள் வாசித்துச் சொல்ல, தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அறிந்துகொண்டோம்.

எக்ளிங்ரன் வீதியும் வோர்டன் வீதியும் சந்திக்கிற பக்கம் 1941இல் தோட்டக் காணியாக இருந்திருக்கிறது. அரசாங்கம் கமக்காரரிடமிருந்து அந்த நிலத்தை எடுத்து, சில மாதங்களுக்குள் 172 கட்டடங்களைக் கட்டியது. ஜெனரல் என்ஜினியரிங் கொம்பனி என்ற நிறுவனம் அரசாங்கத்துக்காக அதை நடத்தியது. சனங்கள் சுருக்கமாக ‘ஜீக்கோ’ என்றார்கள். ஒரு கட்டடம் வெடித்தால் மற்றது தப்பவேண்டும் என்று கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். நிலத்துக்குக் கீழே சுரங்கப் பாதைகள் அமைத்துக் குழாய்களைக் கொண்டுபோனார்கள்.

அங்கே நிரப்பியது ‘பியூஸ்’. நாங்கள் மின்சாரத்துக்குப் போடுகிற பியூஸ் அல்ல இது. ஒரு குண்டு எந்த நேரத்தில், எந்த இடத்தில் வெடிக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற சிறிய உறுப்பு. கைக்குள் அடங்கும். அதற்குள் வெடிமருந்தை அளந்து நிரப்பவேண்டும். நடுங்காத கை வேண்டும். அதனால் பெரும்பாலும் பெண்களையே சேர்த்தார்கள். மூன்று சிவ்ற்றாக இரவும் பகலும் வேலை. 1941 முதல் 1945 வரை 21,000க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்து, 25 கோடிக்கும் மேற்பட்ட பியூஸ் முதலான வெடி உறுப்புகளை நிரப்பினார்கள். வெடிவிபத்தில் அங்கே ஓர் உயிரும் போகவில்லை என்பது பெரிய விடயம். ஆனால் மருந்துத் தூள் பட்டுத் தோல் மஞ்சளாகிக் கடித்த பெண்கள் பலர்.

எங்கள் ஆட்கள் நிறையப்பேர் வீடு வாங்கியிருக்கிற ஏஜக்ஸ் நகரமும் இப்படிப் பிறந்ததுதான். அங்கே ஷெல் நிரப்பும் தொழிற்சாலையில் உச்சக் கட்டத்தில் 9,000 பேர் வேலை செய்தார்கள். ஏறக்குறைய 4 கோடி ஷெல்கள் நிரப்பப்பட்டன. வெறும் கமக்காணியில் தொழிலாளருக்கு வீடு கட்டி, 1939இல் ஜெர்மன் போர்க்கப்பலோடு மோதிய ‘ஏஜக்ஸ்’ என்ற பிரித்தானியக் கப்பலின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். ஊர் வந்தது ஷெல்லுக்காக.

இதை அறிந்தபோது எங்களுக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. ஷெல் வந்து விழுகிற இடத்தில் இருந்தவர்கள் நாங்கள். தூரத்தில் ‘குத்துற’ சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்தவர்கள். அந்த ஷெல்லை எவரோ ஒரு பெண், எங்களைப் போல இரவு வேலைக்கு வந்து, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இடைவேளைக்கு மணி பார்த்துக்கொண்டு நிரப்பியிருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

லைன் லீடரிடம் இதைச் சொன்னோம். உடைந்த ஆங்கிலத்தில், பங்கர் எப்படி வெட்டுவது, எண்ணுவது எப்படி என்றெல்லாம் சொன்னோம். அவர் கோப்பியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அம்மா கடைசிக் காலத்தில் அடிக்கடி கேட்பார், நான் நிரப்பினது எங்கே போய் விழுந்திருக்கும் என்று” என்றார். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. இட்லரோடு அந்தச் சண்டையைப் பிடிக்காமல் விட்டிருக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கீழே இருக்கிறவனுக்கு ஷெல் ஒன்றுதான். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை வாசித்தோம்.

ஒரு நாடு முழுதும் வேலைக்கு இறங்கியது

கனடா 1939 செப்ரெம்பர் 10ஆம் திகதி யுத்தப் பிரகடனம் செய்தபோது இங்கே சனத்தொகை ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம். அதற்கு முந்திய பத்து வருடமும் வேலையில்லாத் திண்டாட்டம். நிரந்தரப் படையோ சில ஆயிரம் பேர். ஆறு வருடத்துக்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தார்கள். ஏறக்குறைய 45,000 பேர் திரும்பி வரவில்லை. அதே காலத்தில் இந்த நாடு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களையும் 16,000க்கும் மேற்பட்ட விமானங்களையும் செய்து தள்ளியது.

யுத்தத்தைப் படைகள் மட்டும் பிடிப்பதில்லை என்பதை இங்கேதான் படித்தோம். 1940இல் ஆயுத வழங்கலுக்கென்றே ஒரு அமைச்சு வந்தது. எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யவேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. பின்னாளில் உடுப்புத் தோய்க்கும் மெசின் செய்த ரொறன்ரோ இங்கிலிஸ் நிறுவனம் அப்போது பிரென் துவக்குகள் செய்தது. 1941 டிசம்பரில் கடைச் சாமான்களின் விலையைக் கூடாமல் நிறுத்தினார்கள். 1942இல் யார் எந்த வேலை செய்வது என்பதையே அரசாங்கம் பார்க்கத் தொடங்கியது. அந்த வருடம் செப்ரெம்பரில் 20 முதல் 24 வயதுப் பெண்கள் பதியவேண்டும் என்று உத்தரவு. யுத்தத்துக்கு முன் சம்பளத்துக்கு வேலை செய்த பெண்கள் 6 இலட்சம் அளவில் இருந்தார்கள். 1944இல் அது 10 இலட்சத்தைத் தாண்டியது. சம்பளம் மட்டும் ஆண்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று தாய்மார் சொன்னதும், 1942இல் மத்திய அரசாங்கமும் மாகாண அரசாங்கமும் ஆளுக்குப் பாதி செலவு போட்டுப் பகல் பராமரிப்பு நிலையங்களைத் திறந்தன. ஒன்ராறியோவில் மட்டும் 28. இன்றைக்கு டேகெயாருக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தாய்மாருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். தேவை என்று வந்தால் அரசாங்கத்தால் முடியும்!

வீட்டுக் குசினியும் யுத்தத்துக்குள் வந்தது. பொரித்த எண்ணெய், கொழுப்பு, எலும்பு எல்லாம் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொழுப்பிலிருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்து செய்தார்கள். பழைய அலுமினியச் சட்டி, கந்தல், கடதாசி ஒன்றும் வீணில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் 25 சதத்துக்கு யுத்தச் சேமிப்பு முத்திரை வாங்கி ஒட்டினார்கள். பெரியவர்களிடம் ‘வெற்றிக் கடன்’ என்று ஒன்பது தடவை அரசாங்கம் கடன் வாங்கியது. சம்பளத்திலிருந்து வருமான வரியை நேராக வெட்டுகிற முறையும் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். ஆனால் வழி வேறு வேறு. பிரித்தானியா 1941 டிசம்பரில் கலியாணமாகாத இளம் பெண்களையே சட்டம் போட்டுக் கூப்பிட்டது. சோவியத் யூனியன் ஜெர்மன் படை முன்னேறி வர, 1941இன் கடைசி ஆறு மாதத்தில் 1,500க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி, ஊரல் மலைப்பக்கமும் சைபீரியாவுக்கும் கொண்டுபோய்ப் பூட்டியது. நாங்கள் கதவு நிலையையும் கூரைத் தகரத்தையும் கழற்றி ரைக்ரரில் ஏற்றியதை நினைத்துக்கொண்டோம். அமெரிக்காவில், டெற்றோயிற் நகரத்துக்கு அருகில் போர்ட் கொம்பனியின் வில்லோ ரன் தொழிற்சாலையில் 1944இல் மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் வெளியே வந்தது. ஜெர்மனி வேறு வழி பிடித்தது. பிடித்த நாடுகளிலிருந்து சனங்களை அள்ளிக்கொண்டு வந்து வேலை வாங்கியது. 1944இல் அங்கே போர்க் கைதிகளோடு சேர்த்து 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வேலை செய்தார்கள். பெரும்பாலானோர் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். போலந்துக்காரரும் சோவியத் நாட்டவரும் உடுப்பில் அடையாளத் துண்டு குத்தியிருக்க வேண்டும். எத்தனையோ பேர் பட்டினியால் செத்தார்கள். ஒரு நாடு தன் தொழிலாளியை எப்படி நடத்தியது என்பதில் அந்தச் சண்டையின் நியாயம் அநியாயம் பாதி தெரிகிறது.

எங்கள் தேத்தண்ணி

இதுவரை வாசித்தும் மகளின் கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று இருந்தது. ஒருநாள் அவளே கண்டுபிடித்தாள். கனடாவில் பங்கீட்டுக்கு வந்த சாமான்களின் பட்டியலை வாசித்துக்கொண்டு போனவள், “இஞ்ச பாருங்கோ, தேத்தண்ணியும் இருக்கு” என்றாள்.

1942இல் இங்கே கூப்பன் புத்தகம் வந்தது. முதலில் சீனி, ஆளுக்குக் கிழமைக்கு அரை இறாத்தல். ஓகஸ்டில் தேயிலையும் கோப்பியும். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு அவுன்ஸ் தேயிலை. டிசம்பரில் பட்டர். 1943இல் இறைச்சி. சங்கக்கடை வரிசையில் நின்று வளர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தவர்கள்தானே நாங்கள்.

தேயிலை ஏன் தட்டுப்பட்டது? அது இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்து கப்பலில் வந்தது. அத்திலாந்திக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். இந்து சமுத்திரத்தில் யப்பான். மலைநாட்டில் எங்கள் தமிழ்ப் பெண்கள் கூடை கட்டிக் கொழுந்து பறிக்க, இங்கே ஒரு குடும்பம் கரண்டியால் அளந்து போட்டிருக்கிறது. றப்பரும் அப்படித்தான். 1942 தொடக்கத்தில் மலாயாவும் டச்சுக்காரரின் தீவுகளும் யப்பானிடம் விழ, உலகத்தின் இயற்கை றப்பரில் பெரும்பகுதி போய்விட்டது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இடம் இலங்கை. நாளைக்கு மரம் செத்தாலும் பரவாயில்லை என்று அங்கே பால் வெட்டினார்கள். இங்கே சார்னியா நகரத்தில் செயற்கை றப்பர் செய்ய அரசாங்கம் தொழிற்சாலை கட்டியது. 

அப்போதுதான் எங்கள் அம்மம்மா சொன்ன கதை நினைவுக்கு வந்தது. அவர் திருகோணமலை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி காலை திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்டன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதோடு போனார்கள். அம்மம்மாவுக்கு அப்போது பத்து வயது. அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு, தாய் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடினவ. “யப்பான்காரனையும் தெரியாது, வெள்ளைக்காரனையும் தெரியாது, பானையைத்தான் நினைச்சு அழுதனான்” என்று சொல்லுவா. நாங்கள் சின்ன வயதில் சிரிப்போம். பிறகு நாங்களே பானையை விட்டு ஓடினோம்.

மகள் அதைத்தான் எழுதினாள். எங்கள் பூட்டி வீட்டுச் சோற்றுப் பானை, கனடாவின் ஒரு அவுன்ஸ் தேயிலை, எக்ளிங்ரன் வீதிப் பியூஸ். ரீச்சர் வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னாராம்.

சந்தேகம் என்ற வியாதி

நல்லதை மட்டும் எழுதினால் பிழையாகிவிடும். எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்ட அதே அரசாங்கம், 1942இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்தில் இருந்த ஏறக்குறைய 22,000 யப்பானிய வம்சாவளியினரை வீட்டை விட்டு எழுப்பியது. அவர்களில் பெரும்பாலானோர் இங்கே பிறந்தவர்கள் அல்லது பிரசாவுரிமை பெற்றவர்கள். மீன்பிடி வள்ளங்களைப் பறித்தது. வீடு, காணி, கடைகளை அவர்கள் சம்மதமில்லாமல் விற்றது. மலைகளுக்குள் இருந்த முகாம்களுக்கு அனுப்பியது. யுத்தம் 1945இல் முடிந்தும், 1949 ஏப்ரல் 1ஆம் திகதிவரை அவர்கள் கரைக்குத் திரும்ப விடவில்லை. மன்னிப்பும் ஆளுக்கு 21,000 டொலர் நட்டஈடும் 1988இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடியிருப்பார்கள்.

இன்னொன்று. யுத்தத்துக்குச் சற்று முன், 1939இல், ‘சென் லூயிஸ்’ என்ற கப்பலில் 900க்கும் மேற்பட்ட யூத அகதிகள் இட்லருக்குத் தப்பி வந்தார்கள். கியூபா இறங்க விடவில்லை. அமெரிக்காவும் கனடாவும் ஏற்கவில்லை. திரும்பிப் போனவர்களில் 254 பேர் நாசிகளால் கொல்லப்பட்டார்கள். கனடா அதற்காக 2018இல் மன்னிப்புக் கேட்டது.

இதைப் படித்த இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. கடலால் வந்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள். முகாம் என்றால் என்ன, முள்ளுக்கம்பி என்றால் என்ன என்று எங்களுக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பயம் பிடித்த நாடு எந்த நாடாக இருந்தாலும், முதலில் சந்தேகப்படுவது வந்தவனைத்தான். நாளைக்கு இன்னொரு இனத்தைப் பற்றி இங்கே அப்படிக் கதை எழும்பினால், கூடச் சேர்ந்து கதைக்காமல் இருக்கிற கடமை எங்களுக்குக் கூடுதலாக இருக்கிறது.

சண்டை முடிந்த பிறகு

லைன் லீடரின் தாயை 1945இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யுத்தம் முடிந்தது, படையினர் திரும்பி வருகிறார்கள், இனிப் பெண்கள் குசினிக்குப் போகலாம். 1946இல் பராமரிப்பு நிலையங்களுக்கான மத்திய அரசாங்கப் பணம் நின்றது. 1947 தொடக்கத்தில், வேலை செய்யும் மனைவியருடைய குடும்பங்களுக்குக் கொடுத்த வரிச் சலுகையை எடுத்தார்கள். மத்திய அரசாங்க உத்தியோகத்தில் கலியாணமான பெண்களுக்கு இருந்த தடை 1955வரை நீடித்தது. நேற்றுவரை நாட்டைக் காப்பாற்றியவர் என்று சுவரொட்டியில் படம் போட்டவர்களை, அடுத்த நாள் கண்டும் காணாமல் விட்டார்கள்.

2020இல் கொரோனா வந்தபோது எங்களில் முன்னம் வந்தவர்களை ‘அத்தியாவசியத் தொழிலாளர்’ என்று புகழ்ந்தார்கள். பிறகு ஓடர் குறைந்ததும் முதலில் நிறுத்தியது ஏஜென்சிக்காரரைத்தான். அதனால் அந்தத் தாயின் கதை எங்களுக்கு நன்றாக விளங்கியது.

ஆனால் எல்லாம் திரும்பிப் போகவில்லை. ஆள் தேவைப்பட்ட நேரத்தில் தொழிலாளர் கேட்டுப் பெற்றவை சில நிலைத்து நின்றன. 1943இல் நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1944 பெப்ரவரியில், பெரும்பான்மைத் தொழிலாளர் சேர்ந்த சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 1945இல் வின்சர் நகரத்துப் போர்ட் தொழிலாளர் 99 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் முடிவில் நீதிபதி ராண்ட் 1946இல் கொடுத்த தீர்ப்பால்தான் யூனியன் சந்தா சம்பளத்தில் வெட்டப்படுகிறது. நாங்கள் ஈ.ஐ. என்று சொல்கிற வேலையில்லாக் காப்புறுதிக்கான சட்டம் 1940இல் வந்தது. பிள்ளைக்காசு முதன்முதல் 1945 ஜூலையில் கொடுக்கப்பட்டது. இவை எவருடைய தருமமும் அல்ல. இரவு வேலை செய்த கைகள் கேட்டு வாங்கியவை.

ஆகவே புதிதாக வந்த சகோதர சகோதரிகளே, சம்பளத் துண்டை வாசிக்காமல் குப்பையில் போடாதீர்கள். என்ன வெட்டுகிறார்கள், ஏன் வெட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏஜென்சியில் இருந்தாலும் உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு இல்லாத வேலையை மறுக்க ஒன்ராறியோச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் கழற்றச் சொன்னால் தாலியைக் கழற்றுங்கள், மெசினுக்கு எங்கள் சம்பிரதாயம் தெரியாது. ஆனால் அதை மரியாதையாகச் சொல்லும்படி கேட்க எங்களுக்கு வாய் இருக்கவேண்டும். நாங்கள் இப்போது கேட்கிறோம். அந்தச் சுப்பவைசரும் இப்போது கொஞ்சம் தணிந்துதான் பேசுகிறான்.

பொப்பிப் பூக் குத்துவதா விடுவதா என்று எங்கள் ஆட்கள் சிலர் வாதாடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். எங்கள் வீட்டில் குத்துகிறோம். திரும்பி வராத 45,000 பேருக்காகவும், மஞ்சள் தோலோடு வீட்டுக்குப் போன பெண்களுக்காகவும், வள்ளத்தைப் பறிகொடுத்த மீனவனுக்காகவும், ஒரு பெயரும் எழுதப்படாத எங்கள் ஊர்ச் சனங்களுக்காகவும் என்று பிள்ளைக்குச் சொல்லித்தான் குத்துகிறோம்.

லைன் லீடர் இந்த வசந்த காலத்தில் பென்சன் எடுத்துப் போய்விட்டார். கடைசி நாள் எங்களுக்குத் தாயின் படத்தைக் காட்டினார். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, மேசைக்கு முன்னால் நிற்கிறார். இடது கையில் மோதிர விரல் மட்டும் தடிப்பாகத் தெரிகிறது. ரேப்தான். அந்தத் தங்கச்சி படத்தை நெடுநேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு மணி அடித்தது, லைனுக்குப் போனோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், 1942இல் என்ன நடந்தது, பங்கீட்டுக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று தங்கள் தாய் தகப்பன் சொல்லக் கேட்டதைக் கேட்டு எழுதி வையுங்கள். ஊரில் இருந்தால் ரெலிபோனில் கேளுங்கள். பிள்ளை ஒருநாள் பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டு வந்து இருக்கும்.